மாமா சுடாத மூஸ்

எனக்கு ஒன்பது வயதாகும்வரை, என் சின்ன மாமா காட்டுக்குப் போவது மூஸைக் கொல்லத்தான் என்று எனக்குத் தெரியாது. "மூஸ் பாக்கப் போறன்" என்றுதான் அவர் சொல்வார். மூஸ் என்றால் குதிரையை விட உயரமான காட்டுமான். பார்க்கத்தான் போகிறார் என்று நம்பினேன். காரின் பின்பக்கம் இருந்த நீளப் பெட்டிக்குள் தூண்டில் இருப்பதாக நினைத்தேன். இரண்டு வருடங்களாக அவர் வெறுங்கையோடு திரும்பி வந்ததால் என் நம்பிக்கைக்கு ஒரு குறையும் வரவில்லை.

மாமா அம்மாவின் தம்பி. போர் முடிந்து சில வருடங்களில் தனியாகக் கியூபெக்குக்கு வந்து சேர்ந்தவர். நகரத்தில் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஓர் அறையில் இருந்துகொண்டு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்தார். கூட வேலை செய்த ஒரு கியூபெக்காரர்தான் அவரை வேட்டைக்குப் பழக்கியவர். மாமா வகுப்புக்குப் போய், பிரெஞ்சில் சோதனை எழுதி, அனுமதிச்சீட்டும் எடுத்துவிட்டார். "நீ ஊரில கண்ட சாவு காணாதே?" என்று அம்மா ஏசினாள். மாமா அதற்கு நேரே பதில் சொல்லமாட்டார்.

"ஊரில எங்கட வயலுக்குள்ள போக ஆமியிட்டக் கேக்கோணும், அக்கா. இஞ்ச இவ்வளவு காடும் அரச காணி. ஆரும் போகலாம். நானும் போகலாம்" என்பார்.

அந்த ஒக்டோபர் மாதச் சனிக்கிழமை அப்பாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். எங்கள் வீடு இருந்த கர்க்லாண்டிலிருந்து வடக்கே மூன்று மணித்தியால ஓட்டம். காட்டின் வாசலில் ஒரு தடைக்கம்பமும் சின்ன மரக்கொட்டிலும் இருந்தன. உள்ளே இருந்த பெண் எங்கள் பெயர்களை எழுதி, நுழைவுக் காசை வாங்கி, வரைபடம் ஒன்றைத் தந்தாள். மாமாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தியளே? எவடத்துக்குப் போறாய் எண்டு மட்டும்தான் கேட்டவ. ஏன் எண்டு கேக்கேல்லை."

என் கண் சுவரில் இருந்த படத்தில் நின்றது. செம்மஞ்சள் சட்டை போட்ட ஆட்கள், காலடியில் செத்துக் கிடக்கும் மூஸ். நான் வாயைப் பிளந்து நிற்பதைக் கண்ட அந்தப் பெண், வேட்டைக்காரர் கட்டும் காசில்தான் இந்தக் காட்டையும் மிருகங்களையும் பராமரிக்கிறோம் என்று பிரெஞ்சில் அன்பாக விளக்கினாள்.

காரில் ஏறியதும் கேட்டேன். "மாமா, நீங்கள் உண்மையாச் சுடுவியளோ?"

"மூஸ் வந்தாலெல்லோ."

"கொல்லுறதுக்குக் காசு குடுத்து, அந்தக் காசில அதை வளக்கிறதோ?"

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பா தூண்டிலோடு ஏரிக்கரையில் இருந்துவிட, நான் மாமாவோடுதான் போவேன் என்று அடம்பிடித்தேன். மூஸுக்குக் காவலாகப் போவதாக எனக்குள் ஓர் எண்ணம்.

சதுப்பு நிலத்தின் ஓரம், விழுந்து கிடந்த மரமொன்றின் பின்னால் இருவரும் செம்மஞ்சள் சட்டைகளோடு குந்தியிருந்தோம். மாமா இரண்டு கைகளையும் வாயில் குவித்து, பெட்டை மூஸ் போல நீளமாக முனகினார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மூன்றாவது தடவை முனகியபோது எதிரே மரக்கிளைகள் முறிந்தன.

அவ்வளவு பெரிய உயிரை நான் அதுவரை கண்டதில்லை. கொம்பு மட்டுமே எங்கள் சாப்பாட்டு மேசை அளவு. மூக்கிலிருந்து ஆவி பறந்தது. மாமாவின் துவக்கு மெல்ல உயர்ந்தது.

நான் எழுந்து நின்று கத்தினேன். "ஓடு! ஓடு! சுடப்போறாங்கள்! ஓடு!"

அந்த மிருகத்துக்கு ஏதாவது பாஷை தெரிந்திருந்தால் அது பிரெஞ்சாகத்தான் இருந்திருக்கும். எனக்கு வந்தது தமிழ். மூஸ் அசையவில்லை. அசைந்தது மாமாதான். துவக்கு பாசியில் விழுந்தது. அவர் என்னை இழுத்து ஈரமண்ணில் கிடத்தி, மேலே கவிழ்ந்து, இரண்டு கைகளாலும் என் தலையை மூடினார். "ஓடாதை! ஓடாதை பிள்ளை, படு! தலையைத் தூக்காதை!" என்று அலறினார். நடுவில் ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், திரும்பத் திரும்ப. அது என் பெயர் அல்ல.

மூச்சு முட்டியது. அவருடைய நெஞ்சு என் முதுகில் அடித்துக்கொண்டிருந்தது. அவருடைய கைகளுக்கிடையால் பார்த்தேன். மூஸ் எங்களையே சற்று நேரம் பார்த்துவிட்டு, அவசரமில்லாமல் நடந்து போனது.

எவ்வளவு நேரம் கிடந்தோமோ தெரியாது. பிறகு எழும்பி என் முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டார். துவக்கிலிருந்து ரவையை எடுக்க அவருடைய விரல்களால் முடியவில்லை. நாலைந்து தடவை முயன்றார். ஏரிக்கரையில் அப்பாவிடம், "பிள்ளை கத்தினதில மூஸ் ஓடிப்போட்டுது, அத்தான்" என்று மட்டும் சொன்னார். திரும்பும்போது அப்பாதான் கார் ஓடினார்.

மாமா அந்தத் துவக்கை விற்றுவிட்டார். ஆனாலும் வருடாவருடம் அனுமதிச்சீட்டு எடுத்து, வாசலில் காசு கட்டி, வெறுங்கையோடு நாள் முழுக்க அந்தக் காட்டில் நடந்துவிட்டு வருவார். சுடாமல் ஏன் காசைக் கரியாக்குகிறாய் என்று அப்பா கேட்டால், "காடு கிடக்கோணுமெல்லோ" என்பார்.

மாமாவுக்கு ஒரு மகள் இருந்ததை எனக்குப் பதினாறு வயதானபோதுதான் அம்மா சொன்னாள். போரின் கடைசி நாட்களில், ஷெல் விழுந்துகொண்டிருக்க, கடற்கரைப் பக்கம் ஓடு என்று அவளிடம் சொன்னவர் மாமாதானாம். அவள் முன்னால் ஓடினாளாம். அடுத்த ஷெல் அங்கேதான் விழுந்ததாம். அப்போது அவளுக்கு ஏழு வயது.

இதொன்றும் தெரியாமல், மூஸைக் கண்ட அதே வருட டிசம்பரில், நத்தார் விருந்தில், வீடு நிறைந்த சொந்தங்களுக்கு நடுவே, நான் மூஸ் கதையை நடித்துக் காட்டினேன். மாமா முனகியதைச் செய்தேன். குப்புற விழுந்ததைச் செய்தேன். எல்லோரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். எல்லோரையும் விட மாமாதான் பெரிதாகச் சிரித்தார். உற்சாகத்தில் அவர் கூப்பிட்ட பெயரையும் அவருடைய குரலிலேயே சொன்னேன்.

சிரிப்பு நின்றது. அம்மா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். மாமா சுவரைப் பார்த்தார். நான் பெயரைப் பிழையாகச் சொல்லிவிட்டேனாக்கும் என்று நினைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி, நிறுத்தி நிறுத்தி, இன்னொரு தடவை சொன்னேன்.