பே ஸ்லிப்பைத் தின்ற பிரியாணி

எங்கள் பக்கத்தில் பெண் கேட்டுப் போனால், மாப்பிள்ளைக்கு என்ன சம்பளம் என்றுதான் முதலில் கேட்பார்கள். அதற்காகவே என் அம்மா, நான் செம்பரம்பாக்கம் பக்கத்துக் கிடங்கு ஒன்றில் சூப்பர்வைசர் ஆன மாதத்துச் சம்பளச் சீட்டை லேமினேட் செய்து வைத்திருந்தாள். ஏழு வீடுகளில் அது கை மாறியது. ஏழிலும் காபி கொடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். எட்டாவது வீட்டில்தான் எனக்கு அமைந்தது. அங்கே யாரும் அந்தச் சீட்டைக் கேட்கவே இல்லை. பெரிய மனசுக்காரர்கள் என்று நினைத்தோம். என் சம்பளத்தால் யாருக்கும் எந்தப் பிரயோஜனமும் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

பெண் அம்பத்தூரில் பிறந்து வளர்ந்தவள். நர்சிங் படித்துவிட்டு இங்கிலாந்து போய், அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்த்து, அந்த நாட்டுக் குடியுரிமையும் வாங்கியிருந்தாள். அவள் ஊருக்கும் லண்டனுக்கும் ரயிலில் நாலு மணி நேரம். ஆனால் எங்கள் ஆவடியைப் பொறுத்தவரை இங்கிலாந்து முழுவதும் லண்டன்தான். தாலி கட்டிய கையோடு நான் லண்டன் மாப்பிள்ளை ஆகிவிட்டேன். அந்த நாட்டுச் சட்டம் எனக்கு வேறு பெயர் வைத்திருந்தது: வெளிநாட்டுத் துணை. ரயிலில் அரக்கோணத்தைத் தாண்டாத என்னை வெளிநாட்டுக்காரன் என்று எங்கோ ஒருவர் எழுதி வைத்திருக்கிறார் என்பதில் எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான்.

வெளிநாட்டுத் துணையை அழைத்துக்கொள்ள வேண்டுமானால், அழைக்கிறவர் வருடத்துக்கு இவ்வளவு சம்பாதித்தாக வேண்டும் என்று அங்கே ஒரு வரம்பு உண்டு. அதை ஒரு சுவர் என்று வைத்துக்கொண்டால், என் மனைவியின் சம்பளம் குதிகாலைத் தூக்கி நின்று மூக்கை மட்டும் மேலே காட்டுகிற உயரம். தாண்டிவிட்டாள், அவ்வளவுதான். இனி காகிதங்களை அனுப்பினால் நான் விமானம் ஏறிவிடலாம் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம்.

கல்யாணத்துக்கு அவள் மூன்று வாரம் சம்பளத்தோடு லீவு போட்டு வந்திருந்தாள். கல்யாணம் முடிந்ததும் விருந்து ஆரம்பித்தது. புதுத் தம்பதியைச் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவரும் வீட்டுக்கு அழைத்துச் சோறு போட வேண்டும். ஒரு வீட்டுக்குப் போய் அடுத்த வீட்டுக்குப் போகாவிட்டால், அந்த அடுத்த வீட்டில் சாவு விழுந்தால்கூட நமக்குச் சொல்லி அனுப்ப மாட்டார்கள். பதினொரு வீடு முடித்தோம். பன்னிரண்டாவது, அம்மாவின் அக்கா, குமணன்சாவடிப் பெரியம்மா. மூத்தவள் என்பதால் கடைசியாக, நிதானமாக வரட்டும் என்று அவளே விட்டுக்கொடுத்திருந்தாள். அவளுக்கு மிஞ்சியது ஒரே ஒரு நாள். அது வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை என் மனைவிக்கு விமானம்.

பெரியம்மா நேராக எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"மூணு வாரமா ஊரெல்லாம் போயி தின்னுட்டு, என் ஊட்டுக்கு மட்டும் நாள் இல்லையா?"

"வெள்ளிக்கெழம சும்மாதான்கா இருக்குதுங்க" என்றாள் அம்மா.

"வெள்ளிக்கெழம நீ கறி ஆக்குவியா?"

இயேசு உயிர்விட்ட நாள் என்று வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீடுகளில் கறி சேர்ப்பதில்லை. மீனுக்குத் தடை இல்லை. ஆகவே அம்மா மெதுவாக, "மீன் ஆக்கேன்" என்றாள்.

"புதுசா கட்டிக்கினு வந்த பொண்ணுக்கு மீன் கொழம்ப ஊத்தி அனுப்பிச்சேன்னு நாலு பேரு கிட்ட சொல்லவா? ஞாயித்துக்கெழம பிரியாணி. டிக்கெட்ட தள்ளிப் போடச் சொல்லு."

என் மனைவி என்னைச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டாள். "லீவெல்லாம் முடிஞ்சிடுச்சுப்பா. இதுக்கு மேல எடுத்தா சம்பளம் இல்லாத லீவுதான். பரவாயில்லையா?"

அப்போது நான் சொன்ன வாக்கியத்தைத்தான் லேமினேட் செய்து வைத்திருக்க வேண்டும். "ஒரு வாரச் சம்பளம்தானே. பெரியம்மா பிரியாணி முன்னாடி அதெல்லாம் ஒரு கணக்கா?"

டிக்கெட் அடுத்த சனிக்கிழமைக்கு மாறியது. ஞாயிற்றுக்கிழமை பிரியாணி பிரமாதமாக இருந்தது. மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன். இன்றைக்கு அந்தப் பிரியாணியைப் பற்றி என்னென்னவோ சொல்கிறேன், ருசியைப் பற்றி மட்டும் ஒரு குறை சொல்ல மாட்டேன்.

அவள் ஊருக்குப் போய், அந்த மாதத்துப் பே ஸ்லிப்பும் வந்த பிறகு, காகிதங்களைத் தூக்கிக்கொண்டு ஆவடி ஸ்டேஷன் பக்கத்து ஜெராக்ஸ் கடை அண்ணனிடம் போனேன். ரேஷன் கார்டிலிருந்து கனடா வரைக்கும் அவர்தான் எங்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பவர். விரலை எச்சிலில் தொட்டு ஸ்லிப்புகளை ஒவ்வொன்றாகப் புரட்டினவர் கடைசியில் நிறுத்தினார்.

"இன்னா நைனா, அஞ்சு ஸ்லிப்பு கொழுகொழுன்னு கீது, இந்த ஒண்ணு மட்டும் எளச்சிப் பூட்டு கீது?"

"அந்த மாசம் ஒரு வாரம் சம்பளம் இல்லாத லீவுண்ணா."

அவர் கம்ப்யூட்டரில் விதிமுறையைத் திறந்து, உதட்டை அசைத்துப் படித்துவிட்டுத் திரும்பினார். "ஆறு மாச ஸ்லிப்பு கேக்கறான். ஆறுல எது கம்மியோ, அத்தத்தான் எட்த்துகினு வருசத்துக்குக் கணக்கு போடுவான். இத்த வெச்சா உன் ஊட்டுக்காரம்மா வருசம் பூரா எளச்ச சம்பளம் வாங்கறாங்கன்னு அர்த்தம். லைனுக்குக் கீழ பூடுவ."

"ஒரு விளக்கக் கடிதம் வெச்சா?"

"இன்னான்னு எழுதுவ? வெள்ளிக்கெழம நாங்க கறி துன்ன மாட்டோம்னா?"

எனக்கு வேறு வழி தெரியவில்லை. பையிலிருந்து என் சம்பளச் சீட்டை எடுத்து நீட்டினேன். இதையும் சேர்த்துக்கொள்ள முடியாதா என்று கேட்டேன். வெளிநாட்டுத் துணை வெளிநாட்டில் சம்பாதிப்பது அங்கே செல்லாதாம். அண்ணன் அந்த லேமினேஷனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதற்குள் கடையில் கரண்ட் போய்விட்டிருந்தது. "நல்லா கெட்டியா கீது நைனா" என்று அதை வைத்து விசிறிக்கொண்டார். என் சம்பளம் முதன்முதலாக ஒருவருக்குப் பயன்பட்டது.

ஆக, அந்த இளைத்த மாதத்தை விட்டுவிட்டு, முதலிலிருந்து ஆறு எண்ண வேண்டும். மனைவி ஒரு ஷிப்ட்டையும் விடக் கூடாது. புருஷனோடு சேர்ந்து வாழ வேண்டுமா, புருஷனைப் பார்க்கப் போகாமல் வேலைக்குப் போனேன் என்று காட்டு. இதைவிட உறுதியான குடும்பக் கட்டுப்பாட்டை எந்த அரசாங்கமும் கண்டுபிடித்ததில்லை.

செய்தி குமணன்சாவடிக்குப் போனது. பெரியம்மா அழவில்லை. கோயிலுக்குப் போய், விசா வரும்வரை தன் வீட்டு அடுப்பில் கறி ஏறாது என்று நேர்ந்துகொண்டு வந்துவிட்டாள். இதில் அதிகம் அடிபட்டவர் பெரியப்பா. ஆவடியில் ராணுவ வண்டி செய்கிற தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமைக் கறிக்காகவே மற்ற ஆறு நாட்களைப் பொறுத்துக்கொள்கிறவர். அவர் மாதக் கடைசியில் தவறாமல் எனக்குப் போன் செய்ய ஆரம்பித்தார்.

"டேய், ஸ்லிப்பு வந்துச்சா?"

"வந்துச்சு பெரியப்பா. ரெண்டாவது."

"ஒடம்ப பாத்துக்கச் சொல்லுடா அந்தப் பொண்ண. இன்னும் நாலு மாசம் நான் தாங்கணும்."

நாலு ஸ்லிப் ஒழுங்காக வந்தது. ஐந்தாவது மாதத்தில் ஒரு மத்தியானம், கிடங்கில் லாரியிலிருந்து பெட்டிகளை எண்ணி இறக்கிக்கொண்டிருந்தபோது என் மனைவி கூப்பிட்டாள். அங்கே காலை நேரம். குரல் கம்மியிருந்தது.

"ஜுரம்ப்பா. எழுந்திரிக்க முடியல."

நான் கேட்டேன், "லீவு போட்டா சம்பளத்துல பிடிப்பாங்களா?"

லாரி டிரைவர் எத்தனை பெட்டி என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கு எண்ணிக்கை மறந்துவிட்டது.

"ஜுரம் எவ்வளவுன்னு கேப்பீங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

அதுவரை ஆயிரம் முட்டாள்தனம் செய்திருக்கிறேன், எல்லாவற்றையும் சொல்லிச் சிரித்தும் இருக்கிறேன். இதை மட்டும் ரொம்ப நாள் யாரிடமும் சொல்லவில்லை. ஜுரம் எவ்வளவு என்று பிறகு கேட்டேன். நூற்றிரண்டு என்றாள். வேலையும் வேண்டாம் விசாவும் வேண்டாம், படுத்துக்கொள் என்றேன். இந்தத் தடவை மனசாரத்தான் சொன்னேன், ஆனால் முதலில் சொன்னதை அது அழிக்கவில்லை.

"நோய் லீவுன்னா ரொம்பக் கம்மியாத்தான் குடுப்பாங்க, ஸ்லிப் இறங்கிடும்" என்றாள். "கல்யாணத்துக்கப்புறம் வருஷ லீவு பத்து நாள் சேத்து வெச்சிருக்கேன் இல்ல, மேனேஜர் கிட்ட கேட்டு அதுல கழிச்சுக்கறேன். அதுக்கு முழுச் சம்பளம்."

"அது ஆறாவது ஸ்லிப் முடிஞ்சதும் நீ இங்க வர்றதுக்கு வெச்சிருந்ததாச்சே."

"ஆமா" என்றாள். "படுத்துக்கறேன்."

அந்தப் பத்து நாளும் அவள் கட்டிலில்தான் இருந்தாள். அவளைக் கூட்டிப் போகலாம் என்று நான் மனசுக்குள் போட்டு வைத்திருந்த செம்பரம்பாக்கம் ஏரிக்கரை, பூந்தமல்லிக் கடைவீதி எல்லாம் அவற்றின் பாட்டில் இருந்தன. ஐந்தாவது ஸ்லிப் கொழுகொழுவென்றே வந்தது. அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

ஆறாவதும் வந்தது. மறுபடி ஜெராக்ஸ் கடை. ஸ்லிப், பேங்க் ஸ்டேட்மென்ட், கல்யாணச் சான்றிதழ் எல்லாம் சரி. கல்யாணம் உண்மையானதுதான், விசாவுக்காக நடந்த நாடகம் இல்லை என்று காட்டப் புகைப்படங்களும் வைக்க வேண்டும், இரண்டு வீட்டாரோடும் இருக்கிற மாதிரி. சேர்ந்து இருந்ததே நாலு வாரம். போனில் இருந்ததையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றினோம்.

"இன்னா நைனா, எல்லா போட்டோலயும் எல இருக்குது. ஒண்ணுலயாச்சும் வாயி காலியா இருக்கா உனுக்கு?"

"விருந்துண்ணா."

அவர் ஒரு படத்தில் நின்றார். பெரியம்மா வீட்டுப் படம். என் இலையில் பெரியம்மா மூன்றாவது தடவையாகப் பிரியாணியைச் சரிக்கிறாள். நான் வேண்டாம் என்று இலையைக் கையால் மறைக்கிற மாதிரி மறைத்து, விரல்களை நன்றாக அகற்றி வைத்திருக்கிறேன். என் மனைவி அந்த விரல்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

"இத்த மொதல்ல வெய்யி" என்றார் அண்ணன். "இப்டிலாம் எவனும் நடிக்க மாட்டான்."

ஸ்லிப்பைக் கெடுத்த பிரியாணியே கல்யாணத்துக்குச் சாட்சியாக முதல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

காத்திருந்த வாரங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. பெரியப்பா மாதத்துக்கு ஒரு தடவை என்றிருந்ததை வாரத்துக்கு ஒரு தடவையாக மாற்றிக்கொண்டார். ஒரு திங்கட்கிழமை பாஸ்போர்ட் விசாவோடு வந்து சேர்ந்தது. என் மனைவி எனக்குச் சனிக்கிழமை விமானத்துக்கு டிக்கெட் போட்டுவிட்டாள். கிடங்கில் கணக்கை ஒப்படைக்க வியாழன் வரை ஆகும். பாக்கி இருந்தது ஒரே நாள்.

பெரியம்மா போன் செய்தாள். நான் பயந்தபடியே எடுத்தேன்.

"வெள்ளிக்கெழம சாப்புட வந்துடு" என்றாள்.

"வெள்ளிக்கெழமயா பெரியம்மா?"

"ஏன், அன்னிக்கு உனுக்குப் பசிக்காதா?"

போனேன். இலையில் வஞ்சிரம் மீன் குழம்பு, வறுவல், ரசம். பக்கத்தில் பெரியப்பா தன் இலையை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"விசா வந்துச்சி. நேத்திக்கடன் முடிஞ்சிச்சி. இத்தினி மாசம் காத்துக்கினு இருந்ததுக்கு மீனா?"

"உங்களுக்கு ஞாயித்துக்கெழம ஆக்கிப் போடறேன். வாய மூடிக்கினு சாப்புடுங்க. அவன் மொதல்ல ஊரு போயி சேரட்டும்."

அந்த நேரம் பார்த்து என் மனைவி வீடியோவில் வந்தாள். சீருடையில் இருந்தாள். டீ குடிக்க விட்ட இடைவேளை என்றாள். என் கை குழம்பில் இருந்ததால் போனைப் பெரியம்மா வாங்கிக்கொண்டாள். இலையைக் காட்டினாள், மீனைக் காட்டினாள், பெரியப்பாவின் முகத்தையும் காட்டினாள். என் மனைவி சிரிக்கிற சத்தம் கேட்டது. பிறகு பெரியம்மாவுக்கு என்னவோ நினைவுக்கு வந்துவிட்டது போல.

"சரிம்மா, வெச்சிடு வெச்சிடு. வேல நேரத்துல பேசினா சம்பளத்துல பிடிச்சிடப் போறாங்க."

வைத்தே விட்டாள். வாயில் முள்ளைத் தேடிக்கொண்டிருந்த எனக்கு ஒரு வார்த்தை பேசக் கிடைக்கவில்லை. பரவாயில்லை, நாளைக்கு அந்த ஊரில் இறங்கியதும் முதல் வேலையாக ஜுரம் எவ்வளவு என்று கேட்டுவிடலாம் என்று நினைத்து, இன்னொரு துண்டு மீன் போடச் சொன்னேன்.