கிறிஸ்தோப்பரின் சிவப்புத் துவாய்

வான் வண்டியின் முன் இருக்கையில் ஏறியதும் கிறிஸ்தோப்பர் செய்கிற முதல் வேலை கண்ணாடியை இறக்குவதுதான். வழித்தூசி முழுக்க உள்ளே வந்தாலும் அவருக்குக் கவலையில்லை. "கண்ணாடிக்குள்ளால பாத்தா தூரம் பொய் சொல்லும்" என்பார். போரில் மூடிக் கிடந்த ஏ-ஒன்பது பாதை திறந்து இரண்டு வருடம். அதற்குள் தன் தீவுக் கிராமமான சுருவிலில் இருந்து வில்பத்து, உடவளவை, யால என்று அவர் போகாத காடு இல்லை. ஐம்பத்தெட்டு வயதில் இப்படியும் ஒரு பித்துப் பிடிக்குமா என்று ஊருக்கு ஆச்சரியம். இராணுவச் சாவடியில் எங்கே பயணம் என்று கேட்டால், "மிருகம் பாக்க" என்பார். எந்த மிருகம் என்பதை விழுங்கிவிடுவார். அந்தப் பெயரை அங்கே சொல்லி யார் மாட்டிக்கொள்வது?

தொழில் கரைவலை. வலை இழுப்பது மற்றவர்கள். இவருடைய வேலை பார்ப்பது. சாட்டிக் கடற்கரையின் மணல்மேட்டில் ஏறி நின்று, தண்ணீரின் நிறம் மாறுவதை வைத்தே மீன்கூட்டம் வருகிற பக்கத்தைக் கண்டுபிடித்துவிடுவார். கண்டதும் கத்தமாட்டார். கத்தினால் பாதியைக் காற்று கொண்டுபோய்விடும், மீதி பக்கத்து வலைக்காரர் காதில் விழும். தோளில் கிடக்கிற சிவப்புத் துவாயை உருவித் தலைக்கு மேல் வீசுவார். வலப்பக்கம் வீசினால் வள்ளம் வலப்பக்கம் போகும், சுழற்றினால் வளைத்து வரும். கடற்படை கடலை மூடியிருந்த வருடங்கள் போக, இருபது வருடத்துக்கு மேலாக அந்தத் துவாயை நம்பி வள்ளம் விட்டிருக்கிறார்கள். ஒருவரும் "உண்மையாய்க் கண்டனீரோ" என்று கேட்டதில்லை.

அந்தத் துவாய்தான் அவரைக் கெடுத்தது. போன வருடம் மடு மாதா கோயில் ஆவணித் திருநாள் முடிந்ததும், இவர் விடாமல் நச்சரித்ததால் கூட வந்த ஊர்க்காரர் வானை வில்பத்துக்கு விட்டார்கள். ஜீப்பில் எட்டுப் பேர். வில்லு என்று அங்கே சொல்கிற குளம் ஒன்றின் கரையில் புள்ளிமான்கள் நின்றன. எல்லோரும் மானைப் பார்த்தார்கள். இவர் மான் எதைப் பார்க்கிறது என்று பார்த்தார். பாலை மரக் கிளையில் ஒரு வால் தொங்கியது. பிறகு உடம்பும் தெரிந்தது, புள்ளி புள்ளியாக, ஊர்ப்பேச்சில் புலி என்கிற முழுச் சிறுத்தை. கிறிஸ்தோப்பரின் கை தன்பாட்டில் தோளுக்குப் போயிற்று. எழுந்து நின்று துவாயைத் தலைக்கு மேல் சுழற்றினார்.

மான்கள் சிதறி ஓடின. மற்ற ஏழு பேரும் துவாயைத்தான் பார்த்தார்கள். அவர்கள் திரும்பிய நேரம் கிளை வெறுமையாய் ஆடிக்கொண்டிருந்தது.

"நீங்கள் கண்டது காய்ஞ்ச கொப்பு" என்று மனைவி பிலோமினம்மா அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். சந்தையில் மீன் விற்கிறவர். ஒரு கதையை அவரிடம் கொடுத்தால் போதும், மத்தியானத்துக்குள் தீவு முழுக்கத் தெரிந்துவிடும். அதன்பிறகு இவர் துவாய் வீசினால் வள்ளத்தில் இருந்து, "அண்ணை, மீனோ கொப்போ?" என்று குரல் வரும். சிரித்துக்கொண்டுதான் கேட்டார்கள். ஆனால் திரும்பும் முன் வள்ளம் ஒரு கணம் தயங்கியது. அந்த ஒரு கணம் அவரைச் சுட்டது.

ஊர் நம்பாவிட்டால் போகட்டும், பிலோமினம்மா ஒருதரம் தன் கண்ணால் பார்த்துவிட வேண்டும். இத்தனை காடும் அதற்காகத்தான். அவரும் சளைக்காமல் கூடவே வருவார், புட்டும் மீன்பொரியலும் கட்டிக்கொண்டு. "கொப்புப் பாக்கப் போறம்" என்று அயலுக்குச் சொல்லிவிட்டுத்தான் வானில் ஏறுவார். உடவளவையில் யானைகள் கூட்டமாக வந்தபோது கிறிஸ்தோப்பர் அவற்றின் கால்களுக்கிடையால் பின்னால் இருந்த பற்றையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "யானை கண்ணுக்குத் தெரியேல்லையோ அண்ணை?" என்று கேட்டான் வான் சாரதி அன்ரனிதாஸ். "அது எங்க போகப்போகுது" என்றார்.

இந்த ஆவணியில் மறுபடியும் வில்பத்து. ஜீப்பில் ஏறமுதல் துவாயை உருவி மனைவியிடம் நீட்டினார்.

"இதை நீர் வைச்சிரும். என்ர கையை நம்ப ஏலாது."

பிலோமினம்மா சிரித்தபடி அதை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

அதே வில்லு. மேய்ந்துகொண்டிருந்த மான்கள் தலை தூக்கின. காதுகள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பின. பற்றையை விலக்கிக்கொண்டு அது வெள்ளை மணலில் இறங்கியது. அவசரமே இல்லை, தண்ணீர் குடிக்க வருகிறது. கிறிஸ்தோப்பரின் கை தோளுக்குப் போயிற்று. தோளில் ஒன்றும் இல்லை. பிலோமினம்மாவோ மற்றப் பக்கம் ஒரு மயிலைப் பார்த்து ரசித்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டால் எல்லாம் போய்விடும். அவர் எட்டி மனைவியின் மோவாயைப் பிடித்தார். வள்ளத்தைத் திருப்புகிற மாதிரி, மெல்ல மெல்ல அந்த முகத்தைக் குளக்கரைக்குத் திருப்பினார்.

பிலோமினம்மா சிறுத்தையில் இருந்து கண்ணை எடுக்காமலே, மடியைத் தடவித் துவாயை எடுத்து, அவருடைய தோளில் போட்டார்.