தாளில் இருப்பதைப் பாடுகிறவர்கள்

எங்கள் தீவில் யாருக்காவது அறுபது வயதாகிறது, யாருக்காவது கல்யாணம் என்றால், கேக்குக்குச் சொல்லுமுன் போடிலிடம் பாட்டுக்குச் சொல்லிவிடுவார்கள். டென்மார்க்கில் பாட்டில்லாத விசேஷம் விசேஷமே இல்லை. எல்லோருக்கும் தெரிந்த ஒரு மெட்டு, விசேஷக்காரரின் குட்டுகளையெல்லாம் உடைக்கிற நாலைந்து சரணம், ஆளுக்கொரு தாள். போடில் படகுத்துறைக் காப்பிக்கடையில் வேலை பார்க்கிறவள். ஐம்பது வயதைத் தாண்டியும் குரல் மட்டும் குறையவில்லை. பாட்டுக்குக் காசு வாங்கமாட்டாள். ஒரு கூடை புது உருளைக்கிழங்கை நீட்டினால் வேண்டாமென்றும் சொல்லமாட்டாள்.

பாட்டுக் கட்டுவது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. தொல்லையெல்லாம் கணினியோடுதான். வீட்டில் ஒன்று, கடையில் ஒன்று, கைப்பையில் போன். மூன்றிலும் பிழைதிருத்தி உண்டு, மூன்றுக்கும் ஒன்றையொன்று ஆகாது. தீவுக்காரர்களின் பட்டப்பெயர், வீட்டுப்பெயர், நாய்ப்பெயர் எல்லாவற்றையும் வீட்டுக் கணினிக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள். 'அகராதியில் சேர்' என்பதை அழுத்தி அழுத்தி விரலே தேய்ந்துவிட்டது. அதே பாட்டைக் கடைக் கணினியில் திறந்தால், அது ஊருக்குப் புதிதாக வந்த அதிகாரி மாதிரி எல்லாப் பெயருக்கும் கீழே சிவப்புக் கோடு போடும். போன் அதைவிட மோசம். கோடு போட்டுக் காட்டுகிற பொறுமைகூட அதற்குக் கிடையாது, தானாகவே மாற்றிவிடும். வீட்டுக் கணினியும் யோக்கியமில்லை. நேற்று தலையாட்டிய சொல்லுக்கு இன்று முகத்தைச் சுளிக்கும்.

"நேத்துதானே சொல்லிக் குடுத்தேன், மண்டையில ஏறலையா" என்று கடையில் அவள் போடுகிற சத்தத்தில், காப்பி குடிக்க வந்தவர்கள் தங்களைத்தான் சொல்கிறாளோ என்று திருதிருவென்று விழிப்பார்கள்.

சிரித்துவிட்டுப் போகிற சங்கதியாகத்தான் இது இருந்தது, அவளுடைய அண்ணன் எய்னரின் அறுபதாவது பிறந்தநாள் வரைக்கும்.

எய்னர் மீன்பிடிக்கிறவர். அப்பா விட்டுப்போன படகின் பெயர் 'ஆலா', கடல்மேல் வட்டமிடுகிற அந்தப் பறவையின் பெயர்தான். அப்பா அதைப் பழைய காலத்து எழுத்துக்கூட்டலில் படகில் எழுதிவிட்டுப் போனார். எந்தக் கணினியும் அந்தப் பெயரை ஒத்துக்கொள்ளாது. போடில் வீட்டில் எழுதிய பாட்டைக் கடையில் திறந்து, கூட்ட நேரத்தில் 'எல்லாவற்றையும் திருத்து' என்பதைத் தட்டி, படித்தும் பார்க்காமல் அச்சடித்துவிட்டாள். கடைக் கணினி தன் அறிவுக்கு எட்டியபடி ஆலாவையெல்லாம் பீப்பாய் ஆக்கிவிட்டது. எங்கள் ஊரில் பீப்பாய் என்றால் பியர்ப் பீப்பாய்தான்.

எங்கள் ஆட்களிடம் ஒரு குணம். தாளில் என்ன இருக்கிறதோ அதைப் பாடுவார்கள். அர்த்தம் இருக்கிறதா, அபத்தமா என்றெல்லாம் பார்க்கமாட்டார்கள். ஆரம்பித்த பாட்டை நடுவில் நிறுத்துவது அவர்களைப் பொறுத்தவரை விருந்துக்கே அவமரியாதை. மண்டபமே எழுந்து நின்று தொண்டை கிழியப் பாடியது:

பீப்பாய் ஒன்று போதும் எய்னருக்கு,
வீடும் வேண்டாம், வாசலும் வேண்டாம்.

அது பல்லவி வேறு. சரணத்துக்குச் சரணம் திரும்பத் திரும்ப வந்தது. சமையலறையிலிருந்து போடில் ஓடி வருவதற்குள் மூன்று முறை 'ஹுர்ரா' என்று வாழ்த்துக் கூச்சலும் போட்டு முடித்துவிட்டார்கள். அந்த வருஷம்தான் எய்னர் குடியை விட்டிருந்தார். படாத பாடு பட்டு விட்டிருந்தார். அது அவர் மனைவி க்ரேத்தேவுக்கும் தங்கைக்கும் மட்டுமே தெரியும்.

"அண்ணே, நான் எழுதினது அது இல்ல. மெஷின் மாத்திடுச்சு" என்றாள் போடில்.

"நான் குடிச்சது மெஷினுக்கு எப்படித் தெரியும்?" என்றார் எய்னர்.

அன்றோடு பேச்சு முறிந்தது. எய்னர் ஒரு விஷயத்தைப் பிடித்தால் உடும்புப் பிடி. கொட்டுகிற மழையிலும் துறையில் நனைந்துகொண்டு நிற்பார், காப்பிக்கடைக்குள் மட்டும் காலை வைக்கமாட்டார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று போடில் அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இப்படியே இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

வசந்தத்தில் ஒருநாள் க்ரேத்தே கடைக்கு வந்து, மேசைமேல் கையுறையைக் கழற்றி வைத்தாள்.

"அடுத்த மாசம் எங்களுக்கு வெள்ளிவிழா. காலையில வாசல்ல பாடுற பாட்டை நீதான் எழுதணும்."

"அண்ணி, வேற யாரையாவது பாருங்க. மறுபடி ஏதாவது ஆச்சுன்னா அண்ணன் என் முகத்துலயே முழிக்கமாட்டாரு."

"இப்ப மட்டும் முழிக்கிறாரா? எழுது."

போடில் பயத்தோடு எழுதினாள். வம்பே வேண்டாமென்று பெயர் எதையும் சேர்க்கவில்லை. அன்பு, கடல், சூரியன், இருபத்தைந்து வருஷம். எந்தக் கணினியும் குறை சொல்ல முடியாத பாட்டு. க்ரேத்தே அதைப் படித்துவிட்டுத் தாளைத் திருப்பித் தந்தாள்.

"யாரு இவங்க? எனக்குத் தெரிஞ்சவங்களா?"

போடிலுக்கு வெட்கமாகிவிட்டது. சரிதான், இது எய்னருக்கும் க்ரேத்தேவுக்கும் எழுதிய பாட்டே இல்லை. வீட்டுக்குப் போய் ஆரம்பத்திலிருந்து எழுதினாள். க்ரேத்தே கடலில் தவறவிட்ட மோதிரம் வந்தது, எய்னரின் குறட்டை வந்தது, ஆலாவும் வந்தது. பிறகு கடைக் கணினியின் முன்னால் உட்கார்ந்து அதற்கு ஆலாவைக் கற்றுக்கொடுத்தாள். அணைத்துத் திறந்தாள், மறந்திருந்தது. மறுபடி கற்றுக்கொடுத்தாள். "உன் ஆயுசு முடியறதுக்குள்ள இந்த ஒரு சொல்லையாவது கத்துக்கோ" என்று கெஞ்சிக்கூடப் பார்த்தாள். ஒருவழியாக அது ஆலாவைச் சேர்த்துக்கொண்டது.

வெள்ளிவிழாவுக்கு முந்தின நாள், அச்சடிப்பதற்கு முன், கடைசிச் சரணத்தில் இன்னும் இரண்டு வரி சேர்க்கவேண்டும்போல இருந்தது. சிறுவயதில் எய்னருக்கு 'போடில்' வாயில் நுழையாது, 'பிட்டே' என்பார். கல்யாணமாகிப் பேரன் எடுத்த பிறகும் அவருக்கு அவள் பிட்டேதான், அந்தப் பிறந்தநாள் வரைக்கும். கடைக் கணினியில் அந்தப் பெயரைத் துணிந்து பாட்டில் வைத்து, ஆலாவைத்தான் கற்றுக்கொண்டதே என்ற தைரியத்தில் 'எல்லாவற்றையும் திருத்து' என்பதைத் தட்டினாள். அச்சடித்த தாள் ஒவ்வொன்றையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். பார்த்ததெல்லாம் ஆலாவைத்தான். ஆலா எல்லா இடத்திலும் ஆலாவாகவே இருந்தது. நிம்மதியாகத் தூங்கினாள்.

விடிந்தும் விடியாமலும் ஊரே எய்னர் வீட்டு வாசலில் கூடிவிட்டது. முந்தின நாளே அக்கம்பக்கத்தார் ஊசியிலைக் கிளைகளால் வாசலைச் சுற்றி வளைவு கட்டி, காகிதப் பூவும், வெள்ளி நிறத்தில் இருபத்தைந்து என்ற எண்ணும் தொங்கவிட்டிருந்தார்கள். உள்ளே இருப்பவர்கள் ஒன்றும் தெரியாததுபோல் தூங்குவதும், வெளியே இருப்பவர்கள் அதை நம்புவதும் வழக்கம். யாரோ ஊதுகொம்பை ஊத, இரவு உடையோடு தம்பதி கதவைத் திறந்து நின்றார்கள். போடில் கூட்டத்தின் ஓரத்தில் சூடான ரொட்டிக் கூடையோடு நின்றாள். எய்னர் அவளைப் பார்த்தார். உடனே காகிதப் பூவைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

பாட்டு ஆரம்பித்தது. ஆலா வரும் ஒவ்வொரு இடத்திலும் போடிலுக்கு உயிர் போய் உயிர் வந்தது. மோதிரத்துக்குச் சிரித்தார்கள், குறட்டைக்குச் சிரித்தார்கள். எய்னர் மட்டும் உம்மென்று இருந்தார். கடைசிச் சரணத்தை ஊர் இன்னும் ஓங்கிப் பாடியது:

கதவைத் திற எய்னர், ரொட்டி ஆறுது,
தவளை ஒன்று வாசலிலே காத்து நிற்குது.

போடிலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையிலிருந்த தாளைப் பார்த்தாள். தவளையேதான், கொட்டை எழுத்தில். பாடினவர்களில் ஒருவருக்கும் கண்ணிமைகூட அசையவில்லை. தாளில் இருந்தது, பாடினார்கள்.

தம்பதி கையில் தாள் கொடுப்பது வழக்கமில்லை. எய்னர் செருப்பில்லாத காலோடு படியிறங்கி வந்து, போடிலின் கையிலிருந்து தாளை வாங்கிப் படித்தார்.

"இது யாரு தவளை?"

"பிட்டேன்னு எழுதினேன் அண்ணே."

"பிட்டேன்னா?"

"ஆமா. கடை மெஷினுக்குப் பிட்டேவைத் தெரியாது போல. ஆலாவை மட்டும்தான் சொல்லிக் குடுத்தேன்."

எய்னர் தாளைப் பார்த்தார், ரொட்டிக் கூடையைப் பார்த்தார், தங்கையின் சிவந்துபோன முகத்தைப் பார்த்தார்.

"உன்னை நீயே ஊரைக் கூட்டித் தவளைன்னு சொல்லிக்கமாட்ட."

"மாட்டேன் அண்ணே."

"அப்போ அன்னைக்கு அந்தப் பீப்பாய்..."

"அதைத்தானே ரெண்டு வருஷமா சொல்லிட்டிருக்கேன்."

முதலில் அவர் தோள்தான் குலுங்கியது. அப்புறம் வெடித்துக்கொண்டு வந்தது பாருங்கள் ஒரு சிரிப்பு. வளைவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வெள்ளி எண்ணில் ஒன்று கழன்று அவர் தலையிலேயே விழுந்தது. க்ரேத்தே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஊர் எதற்கென்று தெரியாமலே சேர்ந்து சிரித்தது.

"நான் ஒரு மடையன்" என்றார் எய்னர்.

"இப்பவாவது தெரிஞ்சுதே" என்றாள் போடில். சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

எய்னர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "கடைசிச் சரணத்தை இன்னொரு தடவை பாடுங்க. தாள்ல இருக்கிறபடியே."

பாடினார்கள். எல்லோரையும்விட ஓங்கிப் பாடினது போடில்தான், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. பாட்டு முடிந்ததும் எய்னர் அவள் கையிலிருந்த கூடையை வாங்கிக்கொண்டார்.

"ஒரு பக்கம் க்ரேத்தே உக்காருவா. இன்னொரு பக்கம் காலியாத்தான் கிடக்கு. வந்து உக்காரு, பிட்டே."

போடில் செருப்பைக் கழற்றக்கூட மறந்து அவர் பின்னாலேயே உள்ளே போனாள்.