எழுத்து வராத இடம்

அப்போதெல்லாம் பயஸ்கோப்பில் பேச்சுக் கிடையாது. ஆட்கள் வாயசைப்பார்கள்; பிறகு திரை கறுத்து, அவர்கள் சொன்னது இங்கிலீஷிலும் கீழே தமிழிலும் எழுத்தாக வரும். கண்டி டவுனில் கூடாரம் அடித்துப் படம் காட்டினால், மஹய்யாவையிலிருந்து போகும் எங்கள் தெருப் பெண்கள் அங்கே என்னை நடுவில் உட்காரவைத்துக்கொள்வார்கள். எழுத்தை உரக்கப் படிப்பது என் வேலை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். குரலைக் கொஞ்சம் கூட்டியே படிப்பேன்.

ஒரு படத்தில், தங்கையை ஆற்றில் தள்ளிவிட நேரம் பார்த்துக்கொண்டே இருந்த அண்ணன், அவள் தானாக வழுக்கி விழுந்ததும் பின்னாலேயே குதித்துத் தூக்கிவந்தான். எழுத்து வரவில்லை.

"என்னடி எழுதியிருக்கு?" என்றாள் பக்கத்து வீட்டுச் சின்னம்மா.

"ஒன்னும் எழுதல."

"எழுதாம எப்படிக் குதிப்பான்? படிச்ச புள்ள ஒரு வரிய முழுங்கிட்டா."

வீட்டுக்கு நடக்கும்போது, கூட வந்திருந்த அப்பாவிடம் முறையிட்டேன். கெட்டவன் நல்லவனாவதற்குக் காரணம் காட்டவேண்டாமா, படம் எடுத்தவன் செய்த தப்புக்கு நானா பழி சுமப்பது என்று கேட்டேன். அப்பாவுக்கு நகரசபையில் தண்ணீர்க் குழாய் பதிக்கும் வேலை. படிக்கத் தெரியாது.

"மனசு மாறுறவன் தந்தி அடிச்சுச் சொல்லிட்டுத்தான் மாறுவானா?" என்றார். சின்னம்மாவும் சேர்ந்து சிரித்தாள்.

பொம்பளைப் பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்ற சொந்தக்காரர்களோடெல்லாம் சண்டை போட்டு என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவர் இந்த அப்பாதான். ஜனவரியிலிருந்து அங்கேயே சின்ன வகுப்புக்குப் படிப்பிக்க வரச்சொல்லியிருந்தார்கள். அதை மார்க்கட் முழுக்கச் சொல்லித் திரிந்ததும் அவர்தான்.

சில வாரம் கழித்து ஒரு காலையில், "சனிக்கிழமை எழுத்து இருக்கு. நல்ல சேலையா கட்டிக்க" என்றார். புதுப் படம் வந்திருக்கிறது என்று நினைத்தேன். அந்தச் சனிக்கிழமை அம்மா பாயாசம் காய்ச்சிக்கொண்டிருந்தாள். எதற்கென்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

டவுனில் கூடாரத்தைத் தாண்டி அப்பா நடந்துகொண்டே இருந்தார்.

"அப்பா, கூடாரம் இந்தப் பக்கம்."

"கூடாரத்துக்கா போறோம்? வா."

கலியாணப் பதிவுகாரர் கந்தோரில் நாவலப்பிட்டிக் கடைக்காரர் ஒருவரும் அவர் மகனும் கதிரைகளில் உட்கார்ந்திருந்தார்கள். மகன் புதுக் கோட்டு போட்டுக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பக்கத்தில் கலியாணப் பதிவுக்கும் எழுத்து என்றுதான் பேர்.

"ஏம்ப்பா?" என்றேன். அவர் எனக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்.

பதிவுகாரர் கைநாட்டுக்கு மைப்பெட்டியை என் பக்கம் தள்ளினார்.

"மையெல்லாம் வேணாங்க ஐயா. எம் புள்ள கையெழுத்துப் போடும்" என்றார் அப்பா, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

இன்னும் பெரிய அதிர்ச்சி அதுதான். மார்க்கட்டில் பேசிய அதே பெருமை, அதே குரல். அதை வைத்துக்கொண்டே என்னை இங்கே கூட்டிவந்திருக்கிறார்.

"என்ன எழுதியிருக்குன்னு படி. அவங்களும் கேக்கட்டும்" என்றார், பதிவுகாரர் பேனாவோடு நீட்டிய தாளைக் காட்டி.

படித்தேன். கூடாரத்தில் படிக்கும் குரல் எப்படியோ வந்துவிட்டது. இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொன்னேன். "மாப்பிள்ளையின் தொழில், வியாபாரம். பெண்ணின் தொழில், ஒன்றுமில்லை."

"என்னது?"

"எனக்குத் தொழில் ஒன்னுமில்லன்னு எழுதியிருக்குப்பா."

"பொண்ணுங்களுக்கு அப்படித்தான் போடுறது" என்றார் கடைக்காரர்.

அப்பா என் கையிலிருந்த பேனாவை எடுத்து மேசையில் வைத்தார்.

"மன்னிச்சுக்குங்க. இன்னைக்கு எழுத்து இல்ல."

கடைக்காரர் என்ன ஏதென்று கேட்டபடி வாசல்வரை வந்தார். அப்பா திரும்பவேயில்லை. வீட்டுக்கு வந்தோம். அம்மா எங்களுக்குப் பின்னால் மாப்பிள்ளையைத் தேடினாள்.

"புள்ளைக்கு முதல்ல ஊத்து" என்றார் அப்பா, பாயாசப் பானையைக் காட்டி.

ஜனவரியில் படிப்பிக்கப் போனேன். அவர் ஏன் பேனாவை எடுத்துவைத்தார் என்று எனக்குத் தெரியும். அதற்கு எழுத்து வேண்டியதில்லை. ஆனால், ஏன் என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனார்? அதை அவரும் சொல்லவில்லை, அம்மாவும் சொல்லவில்லை. அந்த இடத்தில் ஒரு வரியாவது வந்திருக்கவேண்டும்.