நிலைப்படிக்கு அடியில் ஒரு கனடா காசு

நான் கனடா காசு சேர்ப்பவள். கள்ளக்குறிச்சியில் இருந்துகொண்டு கனடா காசு எதற்கு என்று கேட்காதவர் இல்லை. அந்த நாட்டுக்குப் போனதில்லை, போகப்போவதும் இல்லை. காசில் மேப்பிள் இலையும் மானும் பாய்மரக் கப்பலும் அடித்திருப்பார்கள். பிடித்துப் போயிற்று, அவ்வளவுதான். "பேரீச்சம்பழத்துக்குப் போட்டாகூட வாங்கமாட்டான்" என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். அத்தை, அதாவது என் மாமியார், அதுகூடச் சொல்லமாட்டார். தலையைத் திருப்பிக்கொள்வார். அதுதான் எனக்குச் சுருக்கென்று தைக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பேருந்து நிலையம் பக்கத்து டீக்கடையில் நாணயம் சேர்ப்பவர்கள் கூடுவோம். புதிதாகக் கிடைத்ததை வடைத் தட்டில் வைக்க வேண்டும். லென்ஸ் கை மாறிப் போகும். போனில் காட்டும் படமெல்லாம் கணக்கில் சேராது. பெண் என்று நான் ஒருத்திதான். சொல்லிக்கொள்ளும்படி ஒரு காசு கிடைக்கும்வரை மற்றவர்கள் வைத்ததை எட்டிப் பார்த்துக்கொண்டே டீ குடித்தவள்.

தியாகதுருகம் பழைய இரும்புக் கடையில் வெளிநாட்டுச் சில்லறை டப்பாவைக் கிளறும்போதுதான் அது கிடைத்தது. பன்னிரண்டு மூலை உள்ள ஐந்து சென்ட். போர்க்காலத்தில் நிக்கல் தட்டுப்பாடு வந்து, பித்தளை மாதிரி ஒரு கலவையில் அடித்தது. ஒரு பக்கம் பீவர் என்கிற பிராணி உட்கார்ந்திருக்கும். எங்களில் யாரிடமும் இல்லாத காசு. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டதும், வெள்ளிமலையில் இருக்கும் ஓய்வுபெற்ற கண்டக்டர், "ஞாயித்துக்கெயம எடுத்துக்கினு வாம்மா, மொத பஸ்ஸுக்கே வந்துடறேன்" என்று பேசி அனுப்பினார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்த வாரம்தான் நாங்கள் கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்கு வாசல் நிலை வைத்தோம். மேஸ்திரி நிலையை நிறுத்தும்முன், நவதானியமும் காசும் வைத்துக் கட்டிய மஞ்சள் துணி முடிச்சை அத்தை அடியில் போட்டார். நிலைக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தது நான். கலவை போட்டு மூடினார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் என் நாணய டப்பாவைத் திறந்தால் அந்தக் காசு இல்லை. பீரோவைக் கவிழ்க்காத குறையாகத் தேடினேன்.

"இன்னாம்மா தேடிக்கினு இருக்கற?" என்றார் அத்தை.

"மூலை மூலையா ஒரு காசுங்க அத்தை. மஞ்சளா இருக்கும்."

"எலி போட்டதா? பிள்ளையாரு வாகனமாச்சேன்னு நெலைக்கு அடியில போட்டுட்டேன். வூட்டுக்கு நல்லது."

பீவரைப் பெருச்சாளி என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். கடப்பாரையை எடுக்கலாமா என்றுகூட எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் வைத்த நிலையை யார் அசைப்பார்கள்? அடுப்படிக்குப் போய் அழுதேன்.

மறுநாள் டீக்கடையில் நடந்ததைச் சொன்னேன். "படத்த யாரு வேணா அனுப்பலாங்க" என்றார் ஒருவர். கண்டக்டர் லென்ஸைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டார். அத்தனை தூரம் மலை இறங்கி வந்த மனிதர். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

வீடு முடிந்ததும் கிரகப்பிரவேசத்துக்கு அவர்களையும் அழைத்தேன். வருவார்கள் என்று நம்பவில்லை, வந்தார்கள். பந்திக்குப் போகாமல் வாசலிலேயே குனிந்து நின்றார்கள்.

"இன்னாங்க கீயே பாத்துக்கினு நிக்கறீங்க?" என்று அத்தை வந்தார்.

"இங்க ஒரு காசு இருக்குதாமே?" என்றார் கண்டக்டர்.

"ஆமாங்க. எங்கையாலதான் வெச்சேன். பன்னண்டு மூல. எம் மருமவ கண்டுபுடிச்சது. இங்க யாருகிட்டயும் இல்லியாம்."

கண்டக்டர் உள்ளேயிருந்து ஒரு தட்டு வாங்கி, வெறும் தட்டாகவே நிலைப்படி ஓரம் வைத்தார். "கணக்குல சேந்துடுச்சும்மா" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள், படத்தைப் பற்றிச் சொன்னவரும்தான்.

நான் அத்தையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பன்னிரண்டு மூலை என்று நான் அவரிடம் சொன்னதே இல்லை. எப்போதோ அவரே கையில் எடுத்து எண்ணிப் பார்த்திருக்கிறார்.