எண்பத்தாறு பெட்டி மௌனம்

அமிர்தநாதர் 1985ஆம் ஆண்டு ஐப்பசியில் ரொறொன்ரோவில் வந்து இறங்கியபோது அவருடைய சொத்துகள் மூன்று: ஒரு வயலின், ஒரு செபமாலை, ஒரு டி மேஜர். முதல் இரண்டையும் சுங்க அதிகாரி திறந்து பார்த்தார். மூன்றாவது அவர் கண்ணில் படவில்லை.

டி மேஜர் என்பது வெள்ளைக்காரர் சங்கீதத்தில் ஒரு சுருதி. அதை அமிர்தநாதர் விரும்பித் தேர்ந்தெடுத்தார் என்று யாரும் அவதூறு சொல்லக்கூடாது. யாழ்ப்பாணத்தில் அவர் வயலின் வாசித்த மாதா கோயிலின் ஹார்மோனியத்தில், ஒரு மாரியில் தண்ணீர் புகுந்து, கறுப்புக் கட்டைகளில் இரண்டைத் தவிர மற்றவை ஊமையாகிவிட்டன. மிஞ்சிய இரண்டும் டி மேஜருக்கு வேண்டியவை. ஆகவே இருபத்தேழு வருடம் நத்தார்ப் பண்டிகைக்கும் டி மேஜர், கலியாணத்துக்கும் டி மேஜர், செத்தவீட்டுக்கும் டி மேஜர். பாட்டைக் கொஞ்சம் மெதுவாக இழுத்தால் செத்தவீடு.

பார்க்டேலில் ஓர் இரண்டு அறை அப்பார்ட்மென்டில் ஐந்து பேரில் ஒருவராக இருந்துகொண்டு, பகலில் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவினார். மனைவி வேரோனிக்கா யாழ்ப்பாணத்தில். அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்டால்தான் அவரைக் கூப்பிடலாம். வக்கீல் ஒரு வழி சொன்னார்: "இந்த ஊர்ச் சனத்தோடை நீங்கள் ஒட்டியிட்டியள் எண்டு ஒரு வெள்ளைக்காரச் சங்கம் கடிதம் தந்தால், விசாரணையிலை நல்லாய் எடுபடும்."

எந்தச் சங்கத்தோடு ஒட்டுவது? கோப்பைக்குச் சங்கம் கிடையாது.

அந்த வாரத்தில்தான் ஹோட்டல் குசினி ரேடியோவில் ஒரு குரல், அடுத்து வருவது டி மேஜரில் அமைந்த சிம்பொனி என்று சொன்னது. தன் பெயரைச் சொல்லி யாரோ கூப்பிட்டதுபோல அமிர்தநாதர் சவர்க்காரத் தண்ணீருக்குள் கையை வைத்தபடியே நின்றார். ஒரு நிமிடம் கேட்டிருப்பார். சமையற்காரன் ஹொக்கிக்கு மாற்றிவிட்டான்.

சனிக்கிழமை நூலகத்துக்குப் போனார். டி மேஜர் சிம்பொனி இசைத்தட்டுகள் ஒன்றல்ல, இரண்டல்ல, முப்பத்தொன்று இருந்தன. அந்தக் காலத்து எக்காளமும் மேளமும் அந்தச் சுருதிக்கே செய்யப்பட்டவை. அரசர்கள் சத்தத்தை விரும்பினார்கள். ஆகையால் எல்லாரும் டி மேஜரில் எழுதித் தள்ளினார்கள் என்று ஓர் உறையின் பின்புறம் சொன்னது. ஊறிப்போன ஹார்மோனியத்துக்கு ஐரோப்பிய அரண்மனைகளே சாட்சி! வீட்டில் இசைத்தட்டுப் போடும் கருவி இல்லாததால் உறைகளை மட்டும் மூன்று மாதம் வாசித்தார். இதனால் விளைந்த கேட்டை இனிப் பார்ப்போம்.

சென் ஜேம்ஸ் ரவுண் பக்கத்தில், ஒரு தேவாலய நிலவறையில், ஞாயிறு தோறும் பின்னேரம் ஒரு பொழுதுபோக்கு வாத்தியக்குழு கூடியது. பல் வைத்தியர், தபால்காரர், இரண்டு விதவைகள். நடத்தியவர் கிளடிஸ் என்ற ஓய்வுபெற்ற பாட்டு ரீச்சர். பொய் சொல்லத் தெரியாத அம்மா. இது பிற்பாடு முக்கியமாகும்.

அந்த வருடம் அவர்கள் எடுத்திருந்தது ஒரு டி மேஜர் சிம்பொனி. கிளடிஸ் ஒரு சுர வரிசை வாசிக்கச் சொன்னார். அமிர்தநாதர் வாசித்தார். இருபத்தேழு வருடம் அதில் இருந்தது. பல் வைத்தியர் தலையசைத்தார். இடம் கிடைத்தது. விசாரணைக்கு வேண்டிய கடிதத்தைப் பற்றியும் அமிர்தநாதர் கேட்டு வைத்தார். "கச்சேரி முடியட்டும், கட்டாயம் எழுதுகிறேன்" என்றார் கிளடிஸ்.

முதல் ஒத்திகையில் ஒரு பக்கம் அமோகமாகப் போயிற்று. இரண்டாம் பக்கத்தில் எல்லாரும் நிறுத்தி அவரைப் பார்த்தார்கள்.

"மிஸ்டர் நாதர், நாங்கள் இப்போது ஏ மேஜருக்கு வந்துவிட்டோம்."

"மேடம், மேலே டி மேஜர் என்று போட்டிருக்கிறதே."

"தொடங்குவது டியில். முடிவதும் டியில். நடுவில் வெளியே போய்வரும்."

"எங்கே போகும்?"

"எங்கேயும் போகும்."

"அனுமதி இல்லாமலா?"

கிளடிஸ் சிரித்தார். அமிர்தநாதர் சிரிக்கவில்லை. ஒரு பாட்டு தொடங்கிய சுருதியில் நிற்கும் என்பது அவருக்குச் சூரியன் கிழக்கில் உதிப்பது மாதிரி. விரல்களோ அதற்கு மேல் பிடிவாதம். நாலு ஞாயிறு முயன்றார். சிம்பொனி எங்கெங்கோ சுற்ற, அவர் மட்டும் வீட்டைக் காவல் காத்தார்.

விலக்கிவிட மனமில்லாத கிளடிஸ், மூலையில் இருந்த இரண்டு செம்பு மேளங்களைக் காட்டினார். டிம்பனி என்று பெயர். ஒன்று டி சுரத்துக்கு, மற்றது ஏ சுரத்துக்கு இழுத்துக் கட்டியது. இசை வெளியூர் போனால் இவற்றுக்கு அங்கே வேலை இல்லை. அது திரும்பி வரும்வரை பெட்டிகளை எண்ணிக்கொண்டு சும்மா இருக்கவேண்டும். இசைத்தாளில் கோடு போட்டுப் பிரித்த பெட்டிகள். முதற் பாகத்தின் நடுவில் எண்பத்தாறு பெட்டி மௌனம். இரண்டாம் பாகம் முழுக்க மௌனம்.

அறையில் உடன் இருந்த ஜெயரட்ணத்துக்கு இது பெரிய விருந்து.

"என்ன அண்ணை, வயலினைப் பறிச்சுப்போட்டுக் கிடாரம் தந்திட்டாங்களாம்? புக்கை பொங்கலாமோ?"

"உது கிடாரமில்லையடா. டிம்பனி."

"எத்தினை தரம் அடிக்கிறியள்?"

"அடிக்கிறது குறைவு. எண்ணுறதுதான் கூட."

"உதுக்கோ ரெண்டு பஸ் பிடிச்சுப் போறியள்? இஞ்ச இருந்தே சும்மா இருக்கலாமே!"

எண்ணுவதில் அமிர்தநாதர் தவறிக்கொண்டே இருந்தார். நாற்பதுக்குமேல் மனம் யாழ்ப்பாணத்துக்குப் போய்விடும். அப்போதுதான் அந்த யோசனை வந்தது. சட்டைப்பைக்குள் செபமாலை, பெட்டிக்கு ஒரு மணி. எண்பத்தாறு என்றால் எட்டுப் பத்தும் ஆறும். பத்துக்குப் பத்து நடுவே பரலோக மந்திரத்துக்கென்று தனியாக ஒரு மணி இருக்கும். அதை விரலால் தாண்டிவிடப் பழகினார். ஆறு ஒத்திகையில் ஒரு பிழை இல்லை. வெள்ளைக்காரக் குழுவில் அன்னை மரியாளின் துணையோடு தாளம் எண்ணிய முதல் மேளகாரர் இவராகவே இருக்கக்கூடும்.

கச்சேரி 1987 சித்திரையில், ஒரு ஞாயிறு மூன்று மணிக்கு. விசாரணை மறுநாள் திங்கள். ஜெயரட்ணம் கழுத்துப்பட்டியோடு வந்து இரண்டாம் வரிசையில் இருந்தான்.

இசை வீட்டை விட்டுப் புறப்பட்டது. அமிர்தநாதர் எண்ணத் தொடங்கினார். பத்து, இருபது, முப்பது, நாற்பது. வேரோனிக்காவின் கடைசிக் கடிதம் நினைவுக்கு வந்தது. ஷெல் விழுந்து பின் மதில் போய்விட்டது, மற்றபடி சுகம் என்று எழுதியிருந்தார். விரல் தனி மணியில் நின்றது. தாண்டவில்லை. ஐம்பது வயது உதடு தானாகவே பரலோக மந்திரத்தைத் தொடங்கிவிட்டது. தொடங்கிய செபத்தை நடுவில் விடுகிற வழக்கம் அவருடைய பரம்பரையிலேயே கிடையாது. ஆமென் வரை சொல்லி, நாற்பத்தொன்றில் இருந்து தொடர்ந்தார்.

வாத்தியக்குழு அதற்குள் பதினைந்து பெட்டி முன்னால் போயிருந்தது.

இசை டி மேஜருக்குத் திரும்பியது அவருக்குக் கேட்டது. கேட்காமல் இருக்குமா? உலகத்தில் அவருக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரே இடம் அது. ஆனால் கையில் இன்னும் பதினைந்து மணி மிச்சம். கிளடிஸ் கோலை நீட்டி அழைத்ததை அவர் பார்க்கவில்லை, பார்வை சட்டைப்பையில். காதை நம்பாமல் மாலையை நம்பினார். எல்லாரும் வீட்டுக்கு வந்து, ஆரவாரம் முடிந்து, வயலின்கள் மட்டும் பூனை நடப்பதுபோல மெல்ல வாசித்த இடத்தில், எண்பத்தாறாம் மணி முடிந்தது. அமிர்தநாதர் இரண்டு கோலையும் தூக்கி முழுப் பலத்தோடு இறக்கினார்.

முன்வரிசைக் கிழவியின் கைப்பை விழுந்தது.

"ஷெல் எண்டு நினைச்சிட்டன் அண்ணை," என்றான் ஜெயரட்ணம் வெளியே வந்து. பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, பஸ்சுக்கு அவருடைய காசையும் தானே போட்டான்.

கிளடிஸ் கோபிக்கவில்லை. சொன்னபடி கடிதமும் எழுதிக் கொடுத்தார். திங்கட்கிழமை அதிகாரி அதை இரண்டு தரம் வாசித்தார். 'திரு. அமிர்தநாதர் ஒழுங்காக வருகிறார். இரண்டு சுரங்கள் வாசிக்கிறார். மற்ற நேரங்களில் அமைதியாக இருக்கிறார். ஒரு முறை தவறான இடத்தில் அடித்தார், நோக்கம் நல்லது.'

"பெரும்பாலும் நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று அதிகாரி கேட்டார்.

"காத்திருப்பேன்."

அதிகாரி கடிதத்தைக் கோப்பில் வைத்தார். கோப்பு மேலிடத்துக்குப் போகிறது, முடிவு தபாலில் வரும் என்றார்.

அந்த ஐப்பசியில் யாழ்ப்பாணத்தில் சண்டை மூண்டு, அங்கிருந்து தபால் நின்றது. நாலு மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது, வேறு கையெழுத்தில். வேரோனிக்கா கோயிலில் அகதியாக இருந்தபோது காய்ச்சல் கண்டு, இப்போது பேனா பிடிக்கக் கை நடுங்குவதாகப் பக்கத்துவீட்டுப் புஸ்பராணி எழுதியிருந்தார். மேலிடத்தில் இருந்து ஒன்றும் வரவில்லை.

1989இலும் வரவில்லை. கிளடிஸ் இந்த வருடமும் ஒரு டி மேஜர் சிம்பொனியைத்தான் எடுத்திருக்கிறார். மேளகாரருக்காக எடுத்தாரோ என்னவோ, கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவார் என்று அமிர்தநாதர் கேட்கவில்லை. போன ஞாயிறு கோட்டை மாட்டிக்கொண்டு புறப்படும்போது, இப்போது கனடாவில் தங்கும் காட் கிடைத்துவிட்ட ஜெயரட்ணம் கட்டிலில் படுத்தபடி கேட்டான்:

"இந்த முறை எத்தினை அண்ணை?"

"நூற்றி நாலு."

"அம்மாடி! பிழைக்காமல் எண்ணுவியளோ?"

"ஓம். உதிலையாவது எத்தினை எண்டு அச்சடிச்சுத் தந்திருக்கிறாங்களடா," என்றார் அமிர்தநாதர். செபமாலையை எடுத்து, யோசித்து, வேரோனிக்காவின் கடிதங்கள் இருந்த மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டு, கீழே போய்த் தபால்பெட்டியைத் திறந்து பார்த்துப் பூட்டி, பஸ்சுக்கு நின்றார்.