கல்லுக்கு எந்தப் பக்கம்

ஆறு மாதம் மட்டும் இருப்போம் என்றுதான் அந்த ஒழுங்கைக்குக் குடிபோனேன். நெளுக்குளத்தைத் தாண்டிப் பெரிய வீதியிலிருந்து குளக்கட்டுப் பக்கமாக இறங்கும் கிரவல் ஒழுங்கை. வீடுகளுக்குப் பின்னால் குளம், முன்னால் ஒழுங்கையை ஒட்டி ஒரு வாய்க்கால். வவுனியா நகரத்துக்குள் வாடகை கட்ட முடியாத பலர் எப்படியோ அங்கே வந்து சேர்ந்திருந்தார்கள். மலையகத்திலிருந்து வந்த குடும்பங்கள், யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தவர்கள், மன்னார்ப் பக்கத்து முஸ்லிம் ஓட்டோக்காரர் ஒருவர், தமிழ் மேசனைக் கட்டிக்கொண்டு அநுராதபுரத்திலிருந்து வந்த சிங்களப் பெண் ஒருத்தி. காலையில் பேக்கரிப் பாண் விற்கும் ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தால் எல்லா வாசலிலும் ஒரே நேரத்தில் ஆள் நிற்கும்.

நான் நகரத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்தேன். கணவர் கட்டாரில். மகளுக்கு அப்போது ஒன்பது வயது. குடிவந்து இரண்டு வருடமாகியும் மூன்று பெட்டிகளை நான் பிரிக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மகளை ஸ்கூட்டியின் பின்னால் ஏற்றிக்கொண்டு வேறு வீடு பார்க்கப் போவேன். ஒன்றில் கிணறு சரியில்லை, ஒன்றில் வெளிச்சம் இல்லை என்று ஏதாவது சொல்லித் திரும்பி வருவேன். வீடு கிடைக்காத வாரங்களில் கட்டிலையும் அலுமாரியையும் இடம் மாற்றுவேன். "ஒவ்வொரு முறை கோல் எடுக்கேக்கையும் உமக்குப் பின்னால வேற சுவர் தெரியுது" என்று கணவர் சிரிப்பார். நான் கண்டாவளையில் பிறந்தவள். பதினெட்டு வயதுக்குள் யுத்தத்தால் எத்தனை இடத்தில் படுத்து எழும்பினேன் என்று சரியாகச் சொல்லத் தெரியாது. ஒரு வீட்டில் கொஞ்சம் அதிகமாக இருந்துவிட்டால் என் கால்களுக்குள் ஏதோ ஊரத் தொடங்கிவிடும்.

பக்கத்து வீட்டு அக்கா அதற்கு நேரெதிர். அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன், ஒழுங்கை முழுவதும் அப்படித்தான். இனக்கலவரத்தில் மலைநாட்டை விட்டு ஓடிவந்த அவருடைய அப்பா காடு வெட்டித் திருத்திய காணி அது. அக்கா அங்கேயே பிறந்து, அங்கேயே கலியாணம் முடித்து, கணவரை அங்கிருந்தே சுடலைக்கு அனுப்பியவர். வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீட்டுக்குள் குசினி சின்னது என்று, பின்வளவில் குளத்தைப் பார்த்தபடி தனியாக ஒரு குசினி கட்டியிருந்தார். அரைச் சுவர், மேலே தகரம், ஒரு மூலையில் விறகு. நான் வேலை முடிந்து வரும் வரை மகள் அங்கேதான் இருப்பாள். எதிர் வீட்டுச் சிங்களப் பெண்ணும் பின்னேரங்களில் அங்கே வந்து குந்துவாள். அவளுடைய தமிழும் அக்காவுடைய சிங்களமும் பாதி வழியில் சந்திக்கும். மூன்று பேரும் தேத்தண்ணி குடிப்போம். நான் மட்டும் நின்றபடி குடிப்பேன்.

"இருந்துதான் குடியேன் தங்கச்சி, கதிரை உன்னைக் கடிக்குமா?" என்பார் அக்கா.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, நான் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தபோது, மூன்று பேர் வந்து அக்காவின் வளவுக்குள் முக்காலி போல ஒன்றை நிறுத்தி அதில் ஒரு கருவியைப் பூட்டினார்கள். அரை மணித்தியாலம் அங்கும் இங்கும் பார்த்துவிட்டு, வீட்டுக்கும் குசினிக்கும் நடுவே குழி தோண்டி, தலையில் சிவப்புப் பூசிய ஒரு கொங்கிறீட் கல்லை நட்டார்கள்.

"தம்பி, என்னா இது?" என்று கேட்டார் அக்கா. கையில் கழுவிக்கொண்டிருந்த சட்டி.

"குளத்துக் காணியின்ர எல்லை அம்மா."

"சரி, கல்லுக்கு எந்தப் பக்கம் குளத்துக் காணி?"

கல் நட்டவர் கல்லைப் பார்த்தார், குளத்தைப் பார்த்தார், பிறகு முன்பக்க வாய்க்காலைப் பார்த்தார். "அது எங்களுக்குத் தெரியாது. நடச் சொன்னவை, நடுறம்."

அந்தக் கேள்வி வேடிக்கையாகத்தான் இருந்தது. ஆனால் அதில் தங்கியிருந்தது பெரிய விடயம். வாய்க்காலும் குளத்தைச் சேர்ந்ததுதான். கல்லுக்குப் பின்பக்கம்தான் குளத்துக் காணி என்றால் அக்காவுக்குக் குசினியும் கழிப்பறையும் போகும். வாய்க்கால் வரைக்கும் குளத்துக் காணி என்றால் வீடே போய்விடும். அந்த வரிசையில் உள்ள என் வாடகை வீடும் போகும்.

அடுத்த பத்து நாளும் ஒழுங்கையில் வேறு கதை இல்லை. எல்லோரையும் எழுப்பப் போகிறார்கள் என்றார் ஒருவர். பேப்பர் உள்ளவர்களுக்குப் பயமில்லை என்றார் இன்னொருவர். அக்காவிடம் பேப்பர் என்று இருந்தது, அப்பாவின் பெயரில் ஒரு பழைய அனுமதித் துண்டு மட்டும். அதை நெகிழிப் பைக்குள் போட்டு அலுமாரியில் வைத்திருந்தார். அந்த நாட்களில் அவர் அதை எடுத்துப் பார்த்ததும் திரும்ப வைத்ததும் எத்தனை தடவை என்று சொல்ல முடியாது.

இங்கே நான் உண்மையைச் சொல்ல வேண்டும். கல்லைப் பார்த்தபோது எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை. ஒருவித விடுதலை. போவதற்கு இனி ஒரு காரணம் தேடத் தேவையில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே நகரத்துக்குள், மகளின் பள்ளிக்கூடத்துக்குக் கிட்ட, மாபிள் பதித்த ஒரு வீட்டைப் பார்த்தேன். வாடகை கொஞ்சம் கூட. கணவர் ஓமென்றார். அந்த வீட்டுக்காரரிடம் அடுத்த மாதம் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அக்காவிடம் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப் போட்டேன்.

அதற்குள் அவர் என்னிடம் வந்துவிட்டார். "தங்கச்சி, நீ டொக்டர்மார் கிறுக்குறதையே வாசிக்கிறவ. ஒரு கடிதம் எழுதித் தா. எல்லாருமா கையெழுத்து வச்சிக் குடுப்பம்."

அவருடைய குசினியில் இருந்துதான் எழுதினேன். அன்றைக்குக் கதிரையில் இருந்தேன். இத்தனை வருடமாக இங்கே வாழ்கிறோம், எங்கள் பிள்ளைகள் இங்கே படிக்கிறார்கள், எல்லை எது என்று எங்களுக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும், நாங்கள் தொடர்ந்து இங்கேயே வாழ விரும்புகிறோம் என்று எழுதினேன். எதிர் வீட்டுப் பெண் அதைச் சிங்களத்தில் எழுதினாள். தமிழில் எழுதத் தெரியாவிட்டாலும் சிங்களத்தில் அவளுடைய கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. ஒழுங்கையில் எல்லோரும் ஒப்பமிட்டார்கள். கடிதத்தை எழுதியவள் என்று முதலாவது கையெழுத்தை என்னிடம்தான் வாங்கினார்கள்.

ஒழுங்கை முழுவதும் நானா என்று கூப்பிடும் ஓட்டோக்காரர் எங்கள் மூவரையும் காணி அலுவலகத்துக்குக் கொண்டுபோனார். பொறுப்பானவர் களத்துக்குப் போய்விட்டார் என்றார்கள். அடுத்த கிழமை போனோம். கூட்டத்தில் இருந்தார். அன்றைக்கு நான் மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழும்பி வெளியே போய் ஸ்கூட்டிகளை எண்ணிவிட்டு உள்ளே வருவேன், திரும்ப வெளியே போவேன். அக்கா மர வாங்கில் நேராக உட்கார்ந்திருந்தார். எதிர் வீட்டுப் பெண் எழும்பிப் போய்க் கவுண்டரில் சிங்களத்தில் ஏதோ கேட்டாள், பிறகு அதையே தமிழிலும் கேட்டாள். திரும்பி வந்து, "அக்கா, அவர் கதவு அது. வெளிய வந்தா நாங்க முன்னுக்கு நிக்கிறது" என்று கையால் காட்டினாள்.

அப்படியே செய்தோம். கூட்டம் முடிந்து வந்தவர் எங்களைத் தாண்டிப் போக முடியவில்லை. நின்றபடியே கடிதத்தை வாசித்தார். நல்ல மனிதராகத்தான் இருந்தார். "நேர வந்து பாக்கிறன்" என்றார். நம்பவில்லை. ஆனால் புதன்கிழமை வந்தார்.

வரைபடத்தை அக்காவின் வாசற்படியில் விரித்து, விரலால் கோடு கோடாகக் காட்டினார். ஒழுங்கையே அவரைச் சுற்றி நின்றது. கல்லுக்குப் பின்பக்கம்தான் குளத்துக் காணி. வாய்க்காலின் எல்லை ஒழுங்கையோடு முடிகிறது, வளவுக்குள் வராது. வீடுகளுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் குசினியையும் கழிப்பறையையும் ஒரு மாதத்துக்குள் எடுத்துவிட வேண்டும்.

சனங்கள் மூச்சு விட்ட சத்தம் எனக்குக் கேட்டது. அக்கா மட்டும் அசையவில்லை.

"அத எழுதிக் குடுங்க ஐயா."

"எதை அம்மா?"

"வீட்டுக்கு ஒண்ணும் இல்லன்னு சொன்னீங்களே, அத."

அதிகாரி வரைபடத்தைச் சுருட்டி வைத்தார். பிறகு எங்கள் கடிதத்தின் பிரதியிலேயே இரண்டு வரி எழுதித் திகதி போட்டுக் கொடுத்தார். அக்கா அதை மடிக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்.

அன்று பின்னேரமே நான் வீடு மாறுவதை அக்காவிடம் சொல்லிவிட நினைத்தேன். அவர் சந்தோஷமாக இருக்கும்போது எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டேன். சனிக்கிழமை என் வீட்டுச் சொந்தக்காரர் வந்தார். நான் வீட்டை விடப் போவதை அவருக்குத் தொலைபேசியில் சொல்லியிருந்தேன். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வேலிக்கு மேலால் அக்காவிடம் புதுக் குடித்தனத்துக்கு யாராவது இருந்தால் சொல்லும்படி கேட்டுவிட்டுப் போய்விட்டார். நான் அந்த நேரம் கடையில் நின்றேன்.

வேலை முடிந்து வந்தபோது பின்வளவில் டொக் டொக் என்று சத்தம். அக்கா இரும்பு அலவாங்கால் குசினிச் சுவரை இடித்துக்கொண்டிருந்தார். தகரம் ஏற்கெனவே இறங்கியிருந்தது. மகள் நல்ல கற்களைப் பொறுக்கி ஒரு பக்கமாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஒரு மாசம் இருக்குத்தானே அக்கா. ஏன் இப்பவே?"

"வேற ஆளு வந்து இடிக்கிறதப் பாத்துட்டு நிக்கணுமா? நான் கட்டுனது, நானே இடிக்கிறன்." அலவாங்கை ஊன்றி நின்றார். என்னைப் பார்க்கவில்லை. "வீட்டுக்காரர் வந்தாரு. எப்ப போற?"

"மாசக் கடைசியில." கைப்பையை மற்றத் தோளுக்கு மாற்றினேன். "சொல்லத்தான் இருந்தனான் அக்கா."

"போறதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. வாடகை வீடு, போவத்தான் செய்வாங்க." இப்போதுதான் முகத்தை நிமிர்த்தினார். "கடிதத்துல 'நாங்கள் இங்கேயே வாழ விரும்புகிறோம்'னு எழுதுனியே. வாசிச்சுக் காட்டயில எனக்கு அழுக வந்திச்சு. அந்த நாங்கள்ல நீ இல்லையா?"

பொய் எழுதவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். எழுதும்போது அது உண்மையாகத்தான் இருந்தது என்றும் தோன்றியது. இரண்டையும் சேர்த்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. கைப்பையை உடுப்புக் கொடியடியில் வைத்துவிட்டு, வேலைக்குப் போன சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கல் சுமக்கத் தொடங்கினேன். அக்கா தடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் எதிர் வீட்டுப் பெண்ணும் மேசன் கணவனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவன் சுவரைத் தட்டிப் பார்த்து எங்கே இடித்தால் கல் உடையாமல் வரும் என்று காட்டினான். பொழுது படுவதற்குள் குசினி நின்ற இடத்தில் கறுத்த அடுப்பு மட்டும் மிஞ்சியது. அதற்கு மேலால் குளம் முழுவதாகத் தெரிந்தது.

மாதக் கடைசியில் நானா ஒரு சின்ன லொறி பிடித்துத் தந்தார். பிரிக்காத பெட்டிகள் மூன்றும் முதலில் ஏறின. அக்கா ஒரு சட்டியில் மரவள்ளிக்கிழங்கு அவித்துக் கொண்டுவந்து மகளின் மடியில் வைத்தார். என்னிடம், "அவசரமில்ல, சட்டிய ஆறுதலாக் கொண்டா" என்றார். அவ்வளவுதான்.

நகரத்து வீடு நல்ல வீடு. மகள் பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போய் வருகிறாள். நிலம் மினுங்குகிறது. பக்கத்து வீட்டாரின் பெயர் எனக்கு நான்கு மாதமாகத் தெரியாது. மகள் முதல் வாரம் முழுவதும் என்னோடு கதைக்கவில்லை. கட்டிலை இரண்டு தடவை மாற்றிப் போட்டும் அந்த வீட்டில் எனக்கு ஒரு பின்னேரம்கூட இருப்புக்கொள்ளவில்லை. விட்டுப் போக ஒரு இடம் இருக்கும் வரைக்கும் என் அமைதியின்மைக்கு அந்த இடத்தைக் குற்றம் சொல்லலாம். இந்த வீட்டில் குற்றம் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

மாரி தொடங்கிய பிறகு சட்டியைக் கொடுக்கப் போனேன். குளம் நிரம்பி, மிஞ்சிய தண்ணீர் வானால் பாய்ந்துகொண்டிருந்தது. பின்வளவில் கல்லைத் தாண்டித் தண்ணீர் வீட்டுப் பக்கமாக நாலைந்து அடி ஏறியிருந்தது. பழைய குசினி நின்றிருந்தால் அடுப்பு மூழ்கியிருக்கும். புதுக் குசினியை அதே கற்களால் ஒழுங்கைப் பக்கமாக, வீட்டோடு ஒட்டிக் கட்டியிருந்தார்கள். கழிப்பறையும் கல்லுக்கு இந்தப் பக்கம் வந்திருந்தது. போகிற வருகிறவர்கள் எல்லோரும் இப்போது எட்டிப் பார்க்கிறார்கள் என்று அக்கா குறைப்பட்டார். குறைப்பட்ட முகமாக இல்லை. என் பழைய வீட்டில் துணுக்காயிலிருந்து வந்த ஒரு இளம் சோடி இருந்தது. அந்தப் பெண் அடுப்படியில் குந்தியிருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

"காணிக்குப் பேர் மாத்த விண்ணப்பம் குடுத்திருக்கன். அப்பா பேர்ல இருந்து எனக்கு" என்றார் அக்கா. "போறதும் வாறதுமா இருக்கு. இந்தப் பிள்ளைக்கு அலுவலகம்னா பயம்." வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பெண்ணைக் கண்ணால் காட்டினார்.

"எப்ப போறீங்கள்?"

"வர்ற திங்கள்."

கடையில் லீவு எடுத்தேன். நானாவின் ஓட்டோவில் போனோம். அலுவலகத்தில் அதே வாங்கு. எங்கள் இலக்கம் வர மத்தியானம் ஆகியது. நடுவில் மூன்று முறை வெளியே போய் வந்தேன். மூன்று முறையும் அக்கா தன் பையை என் இடத்தில் வைத்துப் பிடித்திருந்தார். ஒரு பிரதி குறைகிறது, அடுத்த மாதம் வாருங்கள் என்றார்கள். படியால் இறங்கும்போது அக்கா திகதியை என்னைக் கொண்டு இரண்டு தடவை சொல்லுவித்தார். அன்றைக்கும் நான் லீவு எடுக்க வேண்டும்.